நோய் தெரிவதற்கு ஆறு வருடம் முன்பே வரைந்த ஓவியம்

1994இல், கனடாவின் மேற்கு வான்கூவரில், ஆன் ஆடம்ஸ் என்பவர் ஓர் ஓவியம் வரைந்தார். பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் ராவெலின் 'பொலேரோ' என்ற ஆர்கெஸ்ட்ரா இசையை முதல் தாளக்கட்டத்திலிருந்து கடைசி வரை, கட்டம் கட்டமாக, வண்ணத்துக்கு மாற்றிய ஓவியம். அப்போது அவருக்கு வயது 53. பேச்சில் தடுமாற்றம் இல்லை, மறதி இல்லை, மருத்துவரிடம் போக வேண்டிய எந்தக் காரணமும் இல்லை. 2000இல் சொற்கள் வாயில் வராமல் நிற்க ஆரம்பித்தன. 2007இல் இறந்துபோனார். அடுத்த வருடமே, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகத்தில் இருக்கும் வில்லியம் சீலி, புரூஸ் மில்லர் முதலான நரம்பியல் மருத்துவர்கள், அவருடைய மூளை ஸ்கேன்களையும் ஓவியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்து 'பிரெயின்' என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள்.

இந்தக் கேஸை விரிவாக எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. மூளையும் கலையும் என்று பேச்சு வந்தாலே, ஒரு பக்கம் நியூரான் படம், இன்னொரு பக்கம் வான்கா ஓவியம், நடுவில் நாலு நல்ல வார்த்தைகள் என்று முடித்துவிடுகிறார்கள். ஆன் ஆடம்ஸ் விஷயத்தில் ஓவியம் வேறு வேலை செய்கிறது. எம்.ஆர்.ஐ. எடுக்கப்படாத வருடங்களில் அந்த மூளைக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதற்கு, தேதியோடு நம்மிடம் இருக்கும் தடயமே அந்த ஓவியங்கள்தான். அந்தத் தடயத்தை எவ்வளவு தூரம் நம்பலாம், எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன்.

ஆய்வுக்கூடத்திலிருந்து ஓவிய அறைக்கு

ஆன் ஆடம்ஸ் 1940இல் பிறந்தவர். கணிதம், வேதியியல், உயிரியல் மூன்றிலும் பயிற்சி பெற்ற விஞ்ஞானி. ஆய்வுக்கூடத்திலும் வேலை செய்தார், பாடமும் நடத்தினார். 1986இல் அவருடைய மகன் கார் விபத்தில் சிக்கி, பிழைப்பதே சந்தேகம் என்ற நிலைக்குப் போனபோது வேலையை விட்டுவிட்டு மகனைப் பார்த்துக்கொள்ள வந்துவிட்டார். பையன் எல்லோரும் பயந்த அளவுக்கு இல்லாமல் ஏழே வாரத்தில் எழுந்து நடந்து கல்லூரிப் படிப்புக்குத் திரும்பிவிட்டான். அம்மா ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பவில்லை. சின்ன வயதில் கொஞ்சம் வரைந்திருக்கிறார், அவ்வளவுதான். இப்போது அதையே முழுநேர வேலையாக எடுத்துக்கொண்டார். தினமும் காலை 9 மணிக்கு ஓவிய அறைக்குள் போனால் மாலை 5 மணிக்குத்தான் வெளியே வருவார் என்று அவருடைய கணவர் பின்னாளில் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். கணவர் கணிதப் பேராசிரியர்.

ஆரம்பத்தில் வரைந்தவை அக்கம்பக்கத்து வீடுகள். கட்டடத்தைக் கட்டடமாகவே பார்த்து வரைந்த படங்கள். அப்புறம் சில வருடங்களில் படங்களின் போக்கு மாறுகிறது. கண்ணால் பார்க்க முடியாதவற்றைக் கண்ணுக்குக் கொண்டுவரும் வேலையில் இறங்குகிறார்: ஓர் இசை, ஓர் எண், ஒற்றைத் தலைவலி வரும் முன் பார்வையில் தோன்றும் மினுக்கம். அந்த வரிசையின் நடுவில் நிற்பதுதான் பொலேரோ ஓவியம்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேலையை விட்டது, தினமும் எட்டு மணி நேரம் வரைந்தது எல்லாவற்றையும் பின்னாளில் வந்த நோயின் கணக்கில் எழுத ஆசைப்படுபவர்கள் உண்டு. மகன் சாவின் விளிம்புக்குப் போய்த் திரும்பியதைப் பார்த்த ஒரு தாய், மீதி வாழ்க்கையை வேறு மாதிரி வாழ முடிவு செய்வதற்கு மூளை நோய் தேவையில்லை. 1986இல் அவருக்கு நோய் தொடங்கியிருந்தது என்று காட்ட எந்தச் சான்றும் கிடையாது.

படத்துக்குள் என்ன இருக்கிறது

பொலேரோ எப்படிப்பட்ட இசை என்று தெரிந்தால்தான் படம் பிடிபடும். ஏறத்தாழ பதினைந்து நிமிடம் ஓடும், 340 தாளக்கட்டங்கள். தொடக்கத்தில் ஒரு ஸ்னேர் டிரம், காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால்தான் கேட்கும் என்ற அளவுக்கு மெதுவாக, இரண்டு கட்டத்துக்கு ஒருமுறை திரும்பி வரும் ஒரு சொற்கட்டைப் பிடிக்கிறது. அந்தச் சொற்கட்டு முடிவு நெருங்கும் வரை மாறவே மாறாது. அதன் மேல் ஒரு புல்லாங்குழல் மெட்டை எடுக்கிறது, அப்புறம் அதே மெட்டை கிளாரினெட் வாங்கிக்கொள்கிறது, அப்புறம் இரண்டாவது மெட்டு பஸூனில் வருகிறது. மொத்தத்துக்கும் இருப்பது இந்த இரண்டே மெட்டுதான். சங்கதி கிடையாது, விரிவு கிடையாது. அதே மெட்டு வேறு வாத்தியத்தில் வரும், கூட இன்னொரு வாத்தியம் சேரும், சத்தம் ஒரு படி ஏறும், இப்படியே போய்க்கொண்டிருக்கும். 326ஆவது கட்டம் வரைக்கும் சி மேஜர் என்ற ஒரே சுருதி அமைப்புதான். அங்கே சட்டென்று ஈ மேஜருக்குத் தாவி, சில கட்டங்களிலேயே பழைய இடத்துக்குத் திரும்பி, கட்டி எழுப்பிய அத்தனையும் ஒரேயடியாகச் சரிவது போல முடிந்துவிடும்.

ஆன் ஆடம்ஸ் இதற்கு எடுத்துக்கொண்ட முறை இது. ஒவ்வொரு தாளக்கட்டத்துக்கும் நிமிர்ந்து நிற்கும் ஒரு செவ்வக உருவம். உருவத்தின் உயரம், அந்தக் கட்டத்தில் சத்தம் எவ்வளவு என்பதைச் சொல்லும். நிறம், ஸ்வரம் எந்த ஸ்தாயியில் நிற்கிறது என்பதைச் சொல்லும். வடிவம், ஒலியின் குணத்தைச் சொல்லும். உருவங்கள் வரிசையாக நிற்கின்றன, ஆனால் வரிசை நேராக ஓடாமல் வளைந்து வளைந்து திரும்புகிறது. படத்தின் பெரும்பகுதியில் நிறங்கள் ஒரே குடும்பமாக இருக்கின்றன. இசையில் எதுவும் மாறவில்லையே, அதனால் படத்திலும் மாறவில்லை. 326க்கு வந்ததும் ஆரஞ்சும் இளஞ்சிவப்புமாக ஒரு கூட்டம் வந்து நிற்கிறது. சுருதி தாவிய இடம் அது. இசை தெரியாத ஒருவர் படத்தை மட்டும் பார்த்தால்கூட, 'இங்கே ஏதோ ஆகிவிட்டது' என்று அந்த இடத்தில் விரலை வைத்துவிடுவார்.

இசையைக் கேட்டு மனதில் தோன்றியதை வரைந்த ஓவியங்கள் நிறைய உண்டு. அவற்றைப் பார்த்தால் வரைந்தவரின் மனநிலை தெரியும், இசை தெரியாது. இந்த ஓவியத்தில் ஒரு விதி இருக்கிறது. விதி தெரிந்த ஒருவர் படத்திலிருந்து திரும்ப இசைக்குப் போக முடியும். எந்த இடத்தில் சத்தம் கூடியது, எங்கே சுருதி நகர்ந்தது என்று படித்துச் சொல்லிவிட முடியும். சில பேருக்கு ஓர் ஒலியைக் கேட்டவுடன் நிறம் தானாகவே தோன்றும், அவர்கள் கேட்டும் கேட்காமலும் அது நடக்கும். ஆன் ஆடம்ஸ் செய்தது அந்த வகை இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உட்கார்ந்து யோசித்து, எதற்கு எது என்று தீர்மானித்து, அதைக் கடைசிக் கட்டம் வரை விடாமல் கடைப்பிடித்திருக்கிறார். ஆய்வுக்கூடத்தில் வருடக்கணக்காக அளவெடுத்துப் பழகிய கை அது.

1998இல் பை என்ற எண்ணின் இலக்கங்களை எடுத்துக்கொண்டு அதையும் இதே போல நிறக் கட்டங்களாக்கினார். 2000 வாக்கில் முதுகெலும்பில்லாத உயிரினங்களை வைத்து ஓர் எழுத்துவரிசைப் புத்தகம். இவற்றையெல்லாம் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இரண்டு இழைகள் கண்ணில் படும்: திரும்பத் திரும்ப வரும் அமைப்பின் மேல் ஈர்ப்பு, ஒரு புலனுக்கு உரியதை இன்னொரு புலனுக்கு மாற்றும் ஆசை.

சொற்கள் போன பிறகு

2000இல் தொடங்கியது முதலில் சின்னதாகத்தான். பேசும்போது தேவையான சொல் வரவில்லை. கணிதத்தில் கெட்டிக்காரரான அவரால் ஒற்றை இலக்க எண்கள் இரண்டைக் கூட்ட முடியாமல் போனது. நடப்பது என்ன என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. சொல் வராத ஆத்திரத்தில் காலைத் தரையில் ஓங்கி மிதிப்பார் என்று கணவர் சொல்லியிருக்கிறார். இந்த ஒரு வரியைப் படித்த பிறகு, 'நோய் தந்த வரம்' என்ற மாதிரித் தலைப்புகளை என்னால் சகிக்க முடிவதில்லை.

நோயின் பெயர் பிரைமரி புரோகிரஸிவ் அஃபேஸியா. பக்கவாதத்தில் பேச்சு போனால் ஒரே நாளில் போகும், பின்பு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பவும் கூடும். இதில் பேச்சு மட்டும் முதலில் மெல்ல மெல்லத் தேய்கிறது. ஞாபகம், பார்வை, வழி கண்டுபிடிப்பது எல்லாம் வெகுநாள் வரை தப்பித்து நிற்கின்றன. 1982இல் மார்செல் மெசுலாம் என்ற நரம்பியல் மருத்துவர் ஆறு நோயாளிகளை வைத்து இதைத் தனி நோயாக அடையாளம் காட்டினார். அதற்கு முன்பு இப்படி வந்தவர்களை எல்லாம் பொதுவாக மறதி நோய்க் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். இன்று இதை ஃபிரன்டோடெம்போரல் டிமென்ஷியா என்ற பெரிய குடும்பத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். நெற்றிப் பகுதியும் பொட்டுப் பகுதியும் சுருங்கும் நோய்களின் குடும்பம் அது.

ஆன் ஆடம்ஸ் தொடர்ந்து வரைந்தார். பேச்சு சுருங்கச் சுருங்கப் படங்கள் வேறு பக்கம் நகர்ந்தன. இசை, எண் போன்ற அருவமான விஷயங்கள் விலகி, எதிரில் இருப்பதை அச்சு அசலாக, போட்டோ எடுத்தது போல வரையும் படங்கள் வந்தன; 2002இல் வரைந்த மரத்து இலைகள் அந்த வகை. 2004 வரை வரைந்தார். அதன் பிறகு கை தூரிகையைப் பிடிக்க மறுத்துவிட்டது.

ஸ்கேன்கள்

இந்தக் கேஸை வேறு எல்லாக் கேஸ்களிலிருந்தும் பிரித்துக் காட்டுவது ஒரு தேதி: 1997. அந்த வருடத்திலிருந்து இறக்கும் வரை அவ்வப்போது அவருக்கு மூளை ஸ்கேன் எடுக்கப்பட்டிருக்கிறது. அதாவது பொலேரோ ஓவியத்துக்கு மூன்று வருடம் பின்னால், முதல் அறிகுறிக்கு மூன்று வருடம் முன்னால். பேச்சு கெட்ட பிறகு எடுத்த ஸ்கேன்கள் உலகமெங்கும் ஆயிரக்கணக்கில் கிடக்கும். கெடுவதற்கு முன்பே எடுத்தது, அதுவும் அதே காலத்தில் தேதியிட்ட ஓவியங்களோடு கிடைப்பது மிக அபூர்வம்.

ஸ்கேன்கள் இரண்டு விஷயங்களைக் காட்டின. ஒன்று எதிர்பார்த்ததுதான். இடது மூளையின் நெற்றிப் பகுதியில் கீழ்ப்புறம், அதை ஒட்டி உள்ளே மடிந்திருக்கும் இன்சுலா, இவை சுருங்கிக்கொண்டே போயின. 1861இல் பாரிஸில் பால் புரோக்கா, 'டான்' என்ற ஓரசையைத் தவிர வேறு எதுவும் பேச முடியாத நோயாளியின் மூளையைப் பிரேதப் பரிசோதனையில் பார்த்து, பேச்சை உண்டாக்கும் இடம் என்று சொன்னதும் இந்த வட்டாரத்தைத்தான்.

இரண்டாவது விஷயம்தான் மருத்துவர்களை உட்கார வைத்தது. வலது மூளையின் பின்பகுதியில், உச்சிக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் பெரைட்டல் பகுதியில், சாம்பல் நிறத் திசு நோயில்லாத ஒத்த வயதுக்காரர்களைவிட அதிகமாக இருந்தது. திசு மட்டும் இல்லை, ரத்த ஓட்டமும் கூடுதலாக இருந்தது. இடம், தூரம், வடிவம் ஆகியவற்றைக் கணிப்பதும், கண்ணும் காதும் தொடுதலும் தரும் செய்திகளைக் கோத்து ஒன்றாக்குவதும் இந்தப் பகுதியின் வேலை. சத்தத்தை உயரமாக்கி, சுருதியை நிறமாக்கி வைத்த ஒருவரின் மூளையில் எந்த இடம் திடமாக இருக்க வேண்டும் என்று கேட்டால் பலரும் கை காட்டக்கூடிய இடம் அதுதான்.

மில்லர் குழு இதற்குத் தரும் விளக்கம் இப்படிப் போகிறது. மூளையின் பகுதிகள் தனித்தனித் தீவுகள் கிடையாது. ஒன்றை ஒன்று தூண்டுவது போலவே ஒன்றை ஒன்று அடக்கியும் வைக்கின்றன. மொழியைக் கையாளும் இடது முன்பகுதி பெரும்பாலான மனிதர்களிடம் கை ஓங்கியது, பின்பகுதியைக் கட்டுக்குள் வைத்திருப்பது. முன்பகுதி தளரும்போது பின்பகுதிமேல் இருந்த பிடியும் தளர்கிறது, அது தன் போக்கில் இயங்க ஆரம்பிக்கிறது, இயங்க இயங்க உரமேறுகிறது. கூட்டுக்குடும்பத்தில் எல்லா முடிவையும் எடுத்துவந்த பெரியவர் படுத்துவிட்டால், அதுவரை வாயே திறக்காத மருமகள் கடையை எடுத்து நடத்துவதில்லையா, அதைப் போல. ஒரு பகுதி கெட்டால் இன்னொன்று விடுபடும் என்ற எண்ணமே பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நரம்பியலாளர் ஹியூலிங்ஸ் ஜாக்சன் காலத்திலிருந்து இருப்பதுதான். ஆன் ஆடம்ஸின் கேஸ் அதற்கு ஒரு முகத்தையும் தேதிவாரியான படங்களையும் கொடுத்தது.

ராவெலுக்கு வந்த நோய்

இனி இந்தக் கதையின் மிக விசித்திரமான பகுதி. ராவெல் 1875இல் பிறந்தவர். நடனக் கலைஞர் ஈதா ரூபின்ஸ்டைன் கேட்டதற்காக 1928இல் பொலேரோவை எழுதினார். அந்த வருடம் நவம்பர் 22 அன்று பாரிஸ் ஓபராவில் அரங்கேறியது. அப்போது அவருக்கும் வயது 53. அப்புறம் அவருக்கும் பேச்சும் எழுத்தும் தேய்ந்து போயின. ஓவியம் வரைந்த காலத்தில் ராவெலுக்கு அப்படியொரு நோய் இருந்தது ஆன் ஆடம்ஸுக்குத் தெரியாது.

ராவெலின் நோய் வெளிப்படையாகத் தெரிந்தது 1930களின் தொடக்கத்தில். 1932 அக்டோபரில் பாரிஸில் டாக்ஸி விபத்தொன்றில் அடிபட்டார். நிலைமை அதற்குப் பிறகு வேகமாக மோசமானது என்பார்கள், ஆனால் கையெழுத்திலும் குறிப்புகளிலும் பிழைகள் அதற்கு முன்பே வர ஆரம்பித்திருந்தன. 1933 கோடையில் கடலில் இறங்கியவருக்கு, நன்றாக நீந்தத் தெரிந்தும், எப்படி நீந்துவது என்றே பிடிபடவில்லை. அவருக்குச் சிகிச்சை அளித்த நரம்பியல் மருத்துவர் தெயோஃபில் அலாஜுவானின், 1948இல் எழுதிய கட்டுரையில் ராவெலைச் சோதித்த விதத்தைப் பதிவு செய்திருக்கிறார். மருத்துவ இலக்கியத்தில் நான் திரும்பத் திரும்பப் படிக்கும் பக்கங்கள் அவை. தன் இசையை யாராவது வாசித்தால் ராவெல் உடனே அடையாளம் கண்டுகொள்வார். ஒரு ஸ்வரம் தப்பினாலும், தாளம் கொஞ்சம் பிசகினாலும் பிடித்துவிடுவார். அறையில் இருந்த பியானோவில் சுருதி விலகியிருந்ததைக்கூடக் கண்டுபிடித்தார். ஆனால் எழுதிய இசைக்குறிப்பைப் பார்த்து வாசிக்கச் சொன்னால் முடியாது. ஸ்வரத்தின் பெயரைச் சொல்லத் தடுமாறுவார். மனதில் ஓடும் இசையைத் தாளில் இறக்க முடியாது. ஓர் ஓபரா தலைக்குள் கேட்கிறது, அதை இனி எழுதவே முடியாது என்று நண்பர்களிடம் சொல்லி வருந்தியிருக்கிறார்.

அதே கட்டுரையில் அலாஜுவானின் வேறு இரண்டு பேரையும் சேர்த்திருந்தார், ஓர் எழுத்தாளர், ஓர் ஓவியர், இருவருக்கும் அஃபேஸியா, அதாவது மூளைப் பாதிப்பால் மொழி கெடும் நிலை. எழுத்தாளருக்கு எழுத்து முடிந்துபோனது. ஓவியரின் ஓவியத்துக்கு எந்தக் குறையும் வரவில்லை. ராவெல் இருவருக்கும் நடுவில்: இசை உள்ளே இருந்தது, அதை வெளியே கொண்டுவரும் குறியீட்டு மொழி போய்விட்டது. மூவரையும் சேர்த்துப் பார்த்தால், 'கலை மூளையின் இன்ன பக்கத்தில் இருக்கிறது' என்று ஒரே வரியில் சொல்ல ஆசைப்படுபவர்களுக்குப் பதில் கிடைத்துவிடும். ஒவ்வொரு கலையும் மொழியை எவ்வளவு நம்பியிருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் மொழியோடு சேர்ந்து விழுகிறது.

1937 டிசம்பரில் பிரபல அறுவை மருத்துவர் குளோவி வென்சான் ராவெலின் மண்டையைத் திறந்து பார்த்தார். கட்டி எதுவும் இல்லை. அறுவைக்குப் பிறகு நினைவு சரியாகத் திரும்பாமலே, டிசம்பர் 28 அன்று ராவெல் இறந்துபோனார். பிரேதப் பரிசோதனை செய்யவில்லை. அதனால் அவருக்கு வந்தது எந்த நோய் என்பதை அறிகுறிகளை வைத்துத்தான் இன்றைக்கும் ஊகிக்கிறோம். ஆன் ஆடம்ஸுக்கு வந்ததும் அதே நோய்தான் என்கிறார் மில்லர்.

பொலேரோ ஒரு நோய்க்குறியா?

மில்லர் பொலேரோவை, விடாமல் திரும்பச் செய்யும் மனப்போக்கின் பயிற்சி என்ற பொருளில் விவரித்திருக்கிறார். ஃபிரன்டோடெம்போரல் நோயாளிகளில் பலரிடம் செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யும் குணம் வருவது உண்மை. அதனால் ராவெல் இரண்டே மெட்டைத் திரும்பத் திரும்ப எழுதியதும், ஆன் ஆடம்ஸ் அதனால் ஈர்க்கப்பட்டதும், இரண்டு மூளைகளில் ஒரே நோய் ஆரம்பித்திருந்ததன் வெளிப்பாடு என்ற முடிவுக்கு வந்துவிட எளிதாக இருக்கிறது.

ராவெல் விஷயத்தில் இதை நான் ஏற்கவில்லை. முதல் காரணம், பொலேரோவுக்குப் பிறகு அவர் என்ன எழுதினார் என்பது. முதல் உலகப் போரில் வலது கையை இழந்த பியானோ கலைஞர் பால் விட்கென்ஸ்டைனுக்காக, இடது கை மட்டும் வாசிக்கும் ஒரு கான்செர்ட்டோ, அதாவது தனி வாத்தியமும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் இசை, எழுதினார். ஏறக்குறைய அதே காலத்தில் ஜி மேஜரில் இன்னொரு பியானோ கான்செர்ட்டோ. இரண்டும் 1932 ஜனவரியில் அரங்கேறின. இரண்டும் பொலேரோ போலத் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் சுற்றுபவை கிடையாது. கேட்டுப் பாருங்கள், ஜி மேஜர் கான்செர்ட்டோவில் நிமிடத்துக்கு ஒரு புதுத் திருப்பம் வரும். நோய்தான் 1928இல் அவர் கையைப் பிடித்து எழுத வைத்தது என்றால், 1931இல் அந்தப் பிடி தளர்ந்ததற்குக் காரணம் சொல்ல வேண்டும். தேய்ந்துகொண்டே போகும் நோயில் அது நடக்காது. இரண்டாவது காரணம், ராவெலே பொலேரோவை ஒரு குறிப்பிட்ட, குறுகிய திசையில் செய்து பார்த்த சோதனை என்றுதான் சொல்லிவந்தார். மெட்டை வளர்க்காமல், வாத்தியங்களின் நிறத்தையும் சத்தத்தையும் மட்டும் கூட்டிக்கொண்டே போனால் கேட்பவரை எவ்வளவு நேரம் பிடித்து வைக்கலாம் என்ற சோதனை. கட்டுப்பாடு தெரிந்துதான் வைத்துக்கொண்டார்.

2002இல் இத்தாலியைச் சேர்ந்த நரம்பியலாளர்கள் உள்ளிட்ட ஒரு குழு, ராவெலின் கடைசிக்கால இசையில் வலது மூளையின் கை ஓங்கியிருக்கலாம் என்று நிதானமாக ஒரு கேள்வியாகவே வைத்தது. கேள்வியாக வைப்பதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. ஸ்கேன் இல்லாத, பிரேதப் பரிசோதனை இல்லாத ஒரு மனிதரின் மூளையைப் பற்றி அதற்கு மேல் போகக் கூடாது.

ஆன் ஆடம்ஸ் விஷயத்தில் சான்று பலமானது, ஆனால் அங்கேயும் ஓர் ஓட்டை உண்டு. முதல் ஸ்கேன் 1997. அவர் முழுநேரமாக வரைய ஆரம்பித்தது 1986. வலது பின்பகுதி திடமாக இருந்தது நோயால் வந்ததா, பதினோரு வருடம் தினமும் எட்டு மணி நேரம் வரைந்ததால் வந்ததா, பிறக்கும்போதே அப்படித்தானா? தினசரிப் பயிற்சி மூளையின் திசுவை மாற்றும் என்பது வேறு ஆய்வுகளில் தெளிவாகவே தெரிந்த விஷயம். லண்டன் டாக்ஸி ஓட்டுநர்களின் மூளையை 2000இல் ஆராய்ந்தபோது, வழிகளை நினைவில் வைக்கும் ஹிப்போகேம்பஸின் பின்பகுதி அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. ஆன் ஆடம்ஸிடம் மூன்றும் கலந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். பிறவியிலேயே பலமான ஒரு பகுதி, வருடக்கணக்கான உழைப்பு, அதோடு முன்பகுதியின் பிடி தளர்ந்தது. ஒரே ஒரு ஆளின் கேஸை வைத்து மூன்றையும் பிரித்துக் காட்ட வழியில்லை.

ஒரு கேஸிலிருந்து வெளியே வந்து பார்ப்பதற்கு உதவுவது 2023இல் வந்த ஓர் ஆய்வு. அதே சான் ஃபிரான்சிஸ்கோ குழுவினர் ஃபிரன்டோடெம்போரல் டிமென்ஷியா வந்த 689 பேரின் பதிவுகளைத் தேடினார்கள். நோய்க் காலத்தில் புதிதாக ஓவியம், சிற்பம் போன்ற காட்சிக் கலையில் இறங்கியவர்கள், அல்லது இருந்த ஈடுபாடு தெளிவாகக் கூடியவர்கள், 17 பேர். 2.5 சதவீதம். முன்பகுதி, பொட்டுப் பகுதி சுருங்கும்போது பின்மூளையில் பார்வைக்கு உரிய ஓர் இடத்தின் இயக்கம் கூடுகிறது என்ற கண்டுபிடிப்பும் அதில் இருக்கிறது, அதனால் 'பிடி தளர்கிறது' என்ற விளக்கத்துக்கு நல்ல ஆதரவு கிடைத்தது. ஆனால் எண்ணைக் கவனியுங்கள். மீதி 672 பேருக்கு அப்படி எதுவும் வரவில்லை. அவர்களுக்கு நோய் மட்டும்தான் வந்தது, குடும்பம் சுமந்தது. வரம் என்று எழுதுபவர்கள் இந்த 672 பேரையும் மனதில் வைத்துக்கொண்டு எழுத வேண்டும்.

குடும்பத்தில் கவனிக்க வேண்டியது

நம் வீடுகளில் அறுபதை ஒட்டிய ஒருவர் சொல் கிடைக்காமல் திணறினால், 'வயசாயிடுச்சு, அப்படித்தான்' என்று விட்டுவிடுவது வழக்கமாக இருக்கிறது. திடீரென்று, ஒரு மணி நேரத்துக்குள் பேச்சு குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம், யோசிக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மாதக்கணக்கில் மெல்ல மெல்லச் சொற்கள் குறைந்துகொண்டே வந்தால், ஞாபகம் நன்றாக இருந்தாலும்கூட, நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஞாபகம் நன்றாக இருக்கிறதே, பிறகென்ன என்று தள்ளிப்போடுவதால்தான் இந்த நோய் பலருக்கும் தாமதமாகத் தெரிகிறது. பேச்சுப் பயிற்சி நிபுணர்கள், பேச்சு முழுதாகப் போவதற்கு முன்பே, படங்களையும் சைகைகளையும் வைத்து வேறு வழியில் பேசப் பழக்குவார்கள். தேயும் நோயை நிறுத்த இன்று மருந்து இல்லை, ஆனால் இந்தப் பழக்கம் கடைசி வருடங்களில் ஒருவரின் தேவையை வீட்டார் புரிந்துகொள்ள நிறையவே உதவும்.

அவர் வரைந்தால், கோலம் போட்டால், ஆர்மோனியத்தில் விரல் வைத்தால் தடுக்காதீர்கள், அதை வைத்து நோயைக் கணிக்கவும் பார்க்காதீர்கள். ஒவ்வொரு தாளின் பின்னாலும் தேதி எழுதி வையுங்கள். எந்தக் கையால் வரைந்தார், பார்த்து வரைந்தாரா நினைவிலிருந்து வரைந்தாரா, எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்று இரண்டு வரி போதும். கோலமாக இருந்தால் போனில் ஒரு படம் எடுத்து வைத்தால் சரி. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது ஸ்கேன் உறையோடு அதையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.